மூன்றும் எட்டும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் படியேற விடுகிறதா? அண்ணிக்கு இருமல் நின்றதா?

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கொல்லையில் நான் கட்டியிருக்கும் கேஸ் சூளைக்குள் எவ்வளவு சூடு என்று எண்ணில் காட்டும் கருவி ஒன்று வேண்டும். சிரிக்காதே. "சூட்டுக்கு நிறம் இருக்கிறது, எண் எதற்கு?" என்று இருபது வருடம் உன்னிடம் வாதாடியவள் நான்தான்.

போன மாதம் வைத்த கிண்ணங்கள் எல்லாம் சூடு மிஞ்சி, மேலே பூசிய கண்ணாடி மெருகு உருகி வழிந்து, தட்டோடு தட்டாக ஒட்டிக்கொண்டன. உளி வைத்துப் பெயர்த்தோம். சூளைக்குள் வைக்கிற மண் கூம்புகள் உனக்குத் தெரியுமே, சரியான சூடு வந்ததும் தலை சாயும். இப்போது கடைக்காரன் தருகிற சரக்கு மோசம், சாய்வதே தெரியவில்லை. அன்றைக்குப் புகையும் அதிகம். பக்கத்து வீட்டு அம்மாள் மதில்மேல் தலையை நீட்டி, "உங்க வீடா எரியுது, எங்க வீடா?" என்று கேட்டாள்.

உன் மருமகன் அதைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, இன்னும் மூணே தடவை. சரியா வரலைன்னா செங்கல்லைப் பிரிச்சு எடுத்துட்டு அங்க காரை நிறுத்திடலாம்" என்கிறான். பேச்சுக்குச் சொல்கிறவன் இல்லை அவன். அந்தச் சூளை போனால் எனக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் இல்லை, அண்ணா. வேறு யாரிடமும் இப்படிச் சொல்லமாட்டேன்.

எனக்கு ஆயிரத்து இருநூற்று இருபது டிகிரி வேண்டும். போன் பண்ணாதே. நீ சொல்லும் எண்கள் என் காதில் நிற்பதில்லை. எழுது.

அன்புடன்,
தங்கை


ஜனவரி 29

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் பேசுகிறது. அண்ணியின் இருமல் நின்று, பேச்சு முன்புபோல் ஆகிவிட்டது. உன் உடம்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே?

கருவியைத் தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். வேறு வேறு உலோகத்தில் இரண்டு கம்பிகள், முனையில் ஒன்றாகப் பற்றவைத்தவை. முனை சூடானால் அதில் துளி மின்சாரம் எழும். மீட்டர் அதை டிகிரியாக மாற்றிச் சிவப்பு எண்களில் காட்டும். பீங்கான் குழாயோடு சேர்த்து, பார்வைத் துளைக்குப் பக்கத்தில் நான்கு விரற்கடை உள்ளே போகும்படி செருகு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துவை. அந்தத் தாளை எனக்கு அனுப்பு.

வெப்பமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். ஆனாலும் உறுதியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் சோதித்தேன், ஏறக்குறைய சரி. ஆயிரத்து இருநூற்றில் சோதிக்க எனக்கு வசதியில்லை. ஐந்தாறு டிகிரி கூடக் குறைய இருக்கலாம். பத்துகூட இருக்கலாம். அலுவலகத்தில் என்னை 'ஏறக்குறைய' என்று கூப்பிட்டதை அண்ணி இன்னும் மறக்கவில்லை.

செய்முறைக் குறிப்பு பதினொரு பக்கம் வந்தது. "உங்க தங்கச்சி கேட்டது கருவி. நீங்க அனுப்பறது பாடப்புத்தகம்" என்றாள். இரண்டு பக்கமாகக் குறைத்திருக்கிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் என் தவறு.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

கும்பிடு போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், திட்டு பின்னால் வருகிறது. எல்லோரும் நலம்.

உன் கருவி ஒரு பைத்தியம். ஏறுகிறது, இறங்குகிறது, திடீரென்று குதிக்கிறது. தாளை இணைத்திருக்கிறேன், நீயே பார். எதை நம்புவது என்று தெரியாமல் பயந்துபோய் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிட்டேன். கிண்ணங்கள் வேகாத முகத்தோடு வெளியே வந்தன. மெருகு ஏறவேயில்லை, தொட்டால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி சொரசொரப்பு.

"ஒண்ணு போச்சு" என்றான் மகன். விரலையும் மடக்கிக் காட்டினான். என் மருமகள் நல்ல பெண், "மாமாவோட மீட்டர்ல தான் ஏதோ கோளாறு, அத்தை என்ன பண்ணுவாங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதே.

சரிபண்ண வழி எழுது. இரண்டுதான் பாக்கி.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே இருவரும் நலம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

கோபம் ஒன்றுமில்லை. மருமகள் சொன்னது சரியாகவே இருக்கும். தாளை நான்கு நாள் வைத்துப் பார்த்தேன். பதினொன்றரைக்கு 1083, பத்து நிமிடம் கழித்து 1053, அடுத்து 1038, அடுத்து 1108. அத்தனை செங்கல்லும் சேர்ந்து காய்ந்த சூளை இப்படி இறங்கிக் குதிக்காது. கம்பியை மீட்டரோடு சேர்க்கிற திருகாணி தளர்ந்திருக்கலாம். நான் அவசரத்தில் சரியாக முடுக்காமல் விட்டிருக்கலாம். வயதாகிவிட்டது எனக்கு.

புதுக் கம்பியும் புதுத் திருகாணிகளும் அனுப்புகிறேன். மீட்டரை நிழலில் வை. முகத்துக்கு நேராக, கிட்டத்தில் வை.

வேறு ஏதாவது இருந்தால் எழுது. எதுவாக இருந்தாலும்.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, வேறொன்றுமில்லை. உன் முழங்காலுக்கு மருந்து மாற்றினார்களா?

முதலில் நல்ல சேதி. இரண்டாவது தடவை தேறிவிட்டது! நாற்பதில் இருபத்தெட்டு நன்றாக வந்தன. ஓர் உணவு விடுதிக்காரர் வந்து ஒவ்வொன்றாக விரலால் சுண்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மகன், "சரி, பாதி கணக்கு" என்றான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு.

உன் கருவி மட்டும் இன்னும் குதிக்கிறது. தாளை அனுப்பியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு அடுப்பின் சத்தத்தை வைத்தும், துளைக்குப் பக்கத்தில் கை வைத்தும் ஒரு மாதிரி ஊகித்து நிறுத்தினேன்.

ஒன்று கேட்க வேண்டும். என்ன உன் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பெரிதாகிவிட்டது? பக்கத்துக்கு எட்டு வரி! உங்கள் ஊரில் தாள் மலிந்துவிட்டதா?

தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

இருபத்தெட்டு கிண்ணங்களுக்கும் என் ஆசி. அண்ணி, "எனக்கு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்கிறாள். முழங்காலுக்கு மருந்து பழையதுதான்.

கை கொஞ்சம் நடுங்குகிறது, அதனால் எழுத்து பெரிதாக வருகிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

தாளைப் பார்த்தேன். குறை மீட்டரில்தான் என்று நினைக்கிறேன். அதன் எண்கள் மிகச் சிறியவை, வாங்கும்போதே நான் யோசித்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு எண் காட்டும் மீட்டர் ஒன்று கேட்டிருக்கிறேன். வந்ததும் அனுப்புகிறேன். அதுவரை சூளையைப் பற்றவைக்காமல் இருக்க முடியுமா?

பகல் வெளிச்சத்தில் எண்கள் எப்படித் தெரிகின்றன? சும்மா கேட்கிறேன். சூளையின் துளைக்குள் வெறும் கண்ணால் பார்ப்பவர்கள் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று எங்கோ படித்தேன். நீ போடுவது உண்டா? இல்லையென்றாலும் பரவாயில்லை. அதாவது, பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 30

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அத்தையும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடைசிக் கடிதத்துக்கு அம்மா இன்னும் பதில் போடவில்லை என்று நினைக்கிறேன். அதனால் நான் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியாது.

போன மாதம் அம்மாவின் வலது உள்ளங்கை நன்றாகச் சுட்டுவிட்டது. கெட்டில் சாய்ந்தது என்றார்கள். கெட்டில் சுட்டால் விரலோடு கோடு போட்ட மாதிரி சுடாது. கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விடுகிறார்கள். மூன்றாவது தடவைக்குக் கிண்ணங்களை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

காருக்கு இடம் வேண்டும் என்பதெல்லாம் சாக்கு, மாமா. எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதால் காரைச் சொன்னேன்.

அந்தத் தாள்களை நீங்கள் பார்க்கிறீர்கள். சூட்டை அளப்பதே உங்கள் வேலையாக இருந்தது. ஒரே கேள்வி: அம்மா அந்தச் சூளையை நடத்துவது பாதுகாப்பா? ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.

உங்கள் மருமகன்


மே 9

(உள் உறையில்: தங்கைக்கு மட்டும்)

அன்புள்ள தங்கைக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க இன்று மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்.

உன் மகன் எனக்கு எழுதியிருக்கிறான். நீ சூளையை நடத்துவது பாதுகாப்பா என்று கேட்கிறான். ஐந்து நாளாகப் பதில் எழுதுகிறேன், கிழிக்கிறேன். அண்ணி குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க இவ்வளவு எழுதறீங்க, எனக்கேகூட நீங்க இவ்வளவு எழுதினதில்லையே" என்றாள்.

உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கருவியில் குறை இல்லை. மார்ச் மாதமே எனக்கு அது தெரியும். நீ எழுதிய 1083, 1053, 1038, 1108 என்ற எண்களில் கடைசி இரண்டு இடங்களில் மூன்றை எட்டாகவும் எட்டை மூன்றாகவும் மாற்றிப் பார்த்தேன். 1038, 1058, 1083, 1103 என்று வந்தது. சூளை ஒழுங்காக ஏறியிருக்கிறது. இரண்டாவது தாளிலும் அப்படியே. கம்பி தளர்ந்தால் எல்லா எண்ணும் ஆடும். மூன்றையும் எட்டையும் மட்டும் பொறுக்கியெடுத்து ஆட்டுகிற கம்பியை நான் பார்த்ததில்லை. கூம்பு சாயாமல் இல்லை. சாய்ந்தது உனக்குத் தெரியவில்லை. உன் கண் மங்கிக்கொண்டு வருகிறது. உனக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதம் நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் சூளை போய்விடும், நீ என்னோடு பேசமாட்டாய். இதைவிட மோசமான காரணமும் ஒன்று உண்டு. எங்கே தவறு நடந்தாலும் அது என் தவறுதான் என்று சொல்லிப் பழகிவிட்டேன். அது பணிவு மாதிரி தோன்றும். இந்த விஷயத்தில் அது வெறும் சோம்பேறித்தனம், கோழைத்தனம். திருகாணி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

உன் மகனுக்கு எழுதிய பதிலை இதோடு வைத்திருக்கிறேன்:

"தனியாக நடத்துவது பாதுகாப்பு இல்லை. குறை சூளையிலும் இல்லை, அவள் கைத்திறத்திலும் இல்லை, கண்ணில் இருக்கிறது. கண் மருத்துவரிடம் காட்டு. சூளையைப் பிரிக்காதே."

இதை நீயே அவனிடம் கொடுப்பாய் என்று நம்புகிறேன். உன் முதுகுக்குப் பின்னால் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. கிழித்துப்போட்டாலும் உன் இஷ்டம். ஆனால் அவனுக்கு நான் பொய் எழுதமாட்டேன்.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணா,

சொல்வது நான். எழுதுவது உன் மருமகன். ஏன் என்று இப்போது புரியும்.

பாவி மனுஷா! இரண்டு மாதமாகக் கை நடுக்கம் என்று சாக்குச் சொல்லி எனக்காகப் பக்கத்துக்கு எட்டு வரி எழுதினாய். நானும் ஜன்னலோரம் போய் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். முக்கியமான கடிதம் என்று வந்ததும் பழைய எறும்பு எழுத்துக்குப் போய்விட்டாயே! தாளின் இரண்டு பக்கமும், ஓரம் விடாமல். உறைமேல் 'தங்கைக்கு மட்டும்' என்று வேறு. ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். விளக்கடிக்குக் கொண்டுபோனேன். மாவு தூவின மாதிரி இருந்தது. இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன்.

மருமகளைக் கேட்கலாம் என்று பார்த்தேன், அவள் அழுதுவிடுவாள். கடைசியில் இவன் சாப்பிட்டு முடித்ததும் கையில் கொடுத்து, "படிடா" என்றேன். "உனக்கு மட்டும்னு போட்டிருக்கேம்மா" என்றான். "என்னால முடியலைடா, படி" என்றேன். அந்த இடத்திலேயே இவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

(மாமா, பாதி இல்லை, முழுவதும் புரிந்துவிட்டது. – மருமகன்)

சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறான். "பாதுகாப்பு இல்லை" என்ற இடம் வந்ததும் நிறுத்தினான். "மாமா 'ஏறக்குறைய' போடாம எழுதி இப்பதான் பாக்கறேன்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான், குரல் சிரிக்கவில்லை. பிறகு, "எவ்வளவு நாளாம்மா?" என்றான். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "கூம்பெல்லாம்?" என்றான். பார்த்தே நாளாச்சு என்றேன். எழுந்து போய் என் தட்டையும் சேர்த்துக் கழுவினான்.

மறுநாள் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனான். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. மருத்துவரம்மா கேட்டாள், "என்ன வேலைம்மா பாக்கறீங்க?" சொன்னேன். "கறுப்புக் கண்ணாடி போடாமலா?" என்று ஒரு பார்வை பார்த்தாள், அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சூளையைப் பிரிக்கமாட்டானாம். ஆனால் என் கண் சரியாகும்வரை கேஸ் உருளை அவன் அறையில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்.

(கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை, மாமா. வெளியே கொட்டகையில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவிதான் என்னிடம்.)

உன்மேல் கோபம் இருக்கிறது. எதற்கு என்று யோசித்துச் சொல்கிறேன்.

தங்கை


ஜூலை 28

அன்புள்ள அண்ணா,

இது என் கையெழுத்து, என் கண். இடது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வலது கண்ணில் உலகம் துவைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மகனுக்கு நரைத்திருப்பதே இப்போதுதான் தெரிந்தது. சொன்னால், "போன வருஷமே நரைச்சாச்சு" என்கிறான்.

போன ஞாயிறு மூன்றாவது தடவை வைத்தோம். நீ அனுப்பிய பெரிய மீட்டரின் முன்னால் நாற்காலி போட்டு அவன் உட்கார்ந்துகொண்டு, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி எண்களைக் கத்தினான். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுத் துளையில் பார்த்தேன். ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டில் கூம்பு மெதுவாகத் தலை சாய்த்தது. உன் கருவிக்கும் கூம்புக்கும் இரண்டே டிகிரிதான் வித்தியாசம். நாற்பதில் முப்பத்தொன்பது தேறின. ஒன்றை நானே இறக்கும்போது கைநழுவவிட்டேன். அண்ணிக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

"சரி, இருக்கட்டும்" என்றான் மகன். சூளை இருக்கிறது, அண்ணா.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாவது தடவை வைத்த அன்று, ஆரம்பித்து அரை மணிகூட ஆகவில்லை, சூளை இன்னும் சூடேறவில்லை. காற்றில் நெருப்பு அணைந்துபோயிருக்கிறது. கேஸ் மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. வெயிலில் நீலச் சுடர் எனக்குத் தெரிந்தே நாளாகியிருந்தது, சத்தத்தை வைத்துத்தான் இருக்கிறதென்று நினைத்துக்கொள்வேன். கையில் தீப்பெட்டி வேறு இருந்தது, கூடுதலாக ஓர் அடுப்பு முனையைப் பற்றவைக்கலாம் என்று குனிந்தேன். குனிந்த பிறகுதான் வாடை. தடவித் தடவி வால்வை மூடினேன். தடவும்போது அதுவரை எரிந்து காய்ந்திருந்த முனைக்குழாயைப் பிடித்துவிட்டேன், அதில்தான் கை சுட்டது.

அதன்பிறகு ஒரு மணி நேரம் கல்மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மறுபடியும் பற்றவைத்தேன். ஏனென்று கேட்காதே. இருபத்தெட்டு கிண்ணம் வந்தது.

இதை மகனிடம் சொல்லிவிடாதே. இப்போதுதான் சாவியைத் திருப்பித் தந்திருக்கிறான். உனக்கு மட்டும்.

தங்கை


ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை அண்ணி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, பேனாவையும் எடுத்து வைத்தாள்.

சுடர் அணைந்தால் தானாகவே கேஸை மூடிவிடும் வால்வு ஒன்று உண்டு. அதையும் சோதித்து, சரியாக வேலை செய்கிறது என்று உறுதிசெய்துகொண்டு அனுப்பியிருக்கிறேன். அதைப் பொருத்தும்வரை சூளையைப் பற்றவைக்கக் கூடாது. இடது கண்ணுக்கு இந்த மாதமே நாள் குறித்துக்கொள்.

நீ சொன்ன விஷயத்தை நான் எனக்குள் வைத்துக்கொள்ளமாட்டேன். உன் மகனுக்கு அது தெரிய வேண்டும். அவன்தான் உன் பக்கத்தில் உட்காருகிறவன், அன்று என்ன நடந்தது என்று தெரியாமல் அவன் எதைப் பார்த்துக்கொள்வான்? நீயே சொல்வதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன். அதற்குள் நீ சொல்லவில்லையென்றால் திங்கட்கிழமை காலைத் தபாலில் நான் அவனுக்கு எழுதிவிடுவேன்.

அவன் மறுபடியும் சாவியை வாங்கிக்கொள்ளலாம். வாங்கமாட்டான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. என்மேல் எத்தனை வருடம் வேண்டுமானாலும் கோபமாக இரு. கடிதம் போடாவிட்டாலும் சரி. நீ இருக்கிறாய் என்பது எனக்குப் போதும்.

அண்ணன்